முன்னாள் படைவீரர், அவசரப் பணியாளர் மனநலத்துக்காக ஒரு நெடுந்தூர நிதி ஓட்டம்: முழுமையான வழிகாட்டி

போரிலிருந்து திரும்பியவர்கள், தீயணைப்பு வீரர்கள், ஆம்புலன்ஸ் ஊழியர்கள், காவலர்கள், பேரிடர் மீட்புக் குழுவினர், அவசர அழைப்பை எடுத்துப் பேசும் கட்டுப்பாட்டு அறைப் பணியாளர்கள் ஆகியோரின் மனநலத்துக்காக நெடுந்தூரம் ஓடி நிதி திரட்டுவது நல்ல காரியம். மற்ற நிதி ஓட்டங்களுக்கு இல்லாத ஒரு தன்மை இதற்கு உண்டு. யாருக்காக ஓடுகிறோமோ அவர்களில் பலர் நம் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருப்பார்கள். பார்த்தால் தெரியாது, அவர்களும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆகவே பதாகை வாசகம், ஓட்டத்தைத் தொடங்கி வைக்கும் ஒலி, இரவு ஓட்டம், முடிவுக் கோட்டில் கொடுக்கும் பானம் என எல்லாமே முதலில் அவர்களைத்தான் தொடும். நிகழ்ச்சியை நடத்துபவருக்கும், தனியாளாக ஓடி நிதி திரட்டுபவருக்கும் இந்த வழிகாட்டி பயன்படும்.

படி 1: தேதிக்கு முன் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலும் தேதி, தூரம், டி-ஷர்ட் எல்லாம் முடிவான பிறகுதான் "திரட்டிய பணத்தை யாரிடம் கொடுக்கலாம்?" என்ற கேள்வி எழுகிறது. இந்த வரிசையை மாற்றுங்கள். முதலில் உதவி செய்யும் அமைப்பைத் தேடிப் பிடியுங்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். மற்றதெல்லாம் அதன் பிறகு.

பேசும்போது நான்கு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உதவி கேட்டு வருபவர் முதல் சந்திப்புக்கு எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியிருக்கிறது? அவர் வந்த செய்தி மேலதிகாரிக்குப் போகாமல் காக்கப்படுகிறதா? துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் ஏதாவது உண்டா? என்ன வகைச் சிகிச்சை தருகிறார்கள்? இரண்டாவது கேள்விதான் மிக முக்கியம். பணியில் இருக்கும் காவலரோ தீயணைப்பு வீரரோ உதவி கேட்கத் தயங்குவதற்குப் பெரிய காரணம், வேலையோ பதவி உயர்வோ போய்விடும் என்ற பயம். ரகசியம் காக்காத இடத்துக்கு எவ்வளவு பணம் போனாலும் ஆள் வர மாட்டார்கள்.

நான்காவது கேள்விக்கான பதிலை எடைபோடக் கொஞ்சம் அடிப்படை அறிவு வேண்டும். பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயான பி.டி.எஸ்.டிக்கு நன்றாக ஆராயப்பட்ட சிகிச்சைகள் இருக்கின்றன. அதிர்ச்சியை மையமாக வைத்துச் செய்யும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, பயந்து ஒதுக்கும் நினைவைப் பாதுகாப்பான சூழலில் படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் முறை, கண்ணசைவைப் பயன்படுத்தும் ஈ.எம்.டி.ஆர் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. சம்பவம் முடிந்ததும் எல்லோரையும் கட்டாயமாக உட்கார வைத்து, நடந்ததை ஒரே அமர்வில் விவரிக்கச் செய்யும் முறை பி.டி.எஸ்.டியைத் தடுப்பதில்லை என்று ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. சிலருக்கு அது கெடுதலும் செய்திருக்கிறது. ஓர் அமைப்பின் முக்கிய வேலையே அதுதான் என்றால் நான் வேறு அமைப்பைத் தேடுவேன்.

இந்தத் துன்பத்துக்குப் பெயர் கிடைக்கவே வெகுகாலம் ஆனது என்பதை ஓட்டத்தை நடத்துபவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். முதல் உலகப் போரின்போது, 1915-ல், சார்லஸ் மயர்ஸ் என்ற மருத்துவர் 'தி லான்செட்' மருத்துவ இதழில் 'ஷெல் ஷாக்' (குண்டு அதிர்ச்சி) பற்றி எழுதினார். நடுங்கியவர்களையும் பேச்சிழந்தவர்களையும் கோழைகள் என்று சொன்ன காலம் அது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் பி.டி.எஸ்.டி என்ற பெயர் 1980-ல்தான் ஏறியது. 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பு, வேலையின் பேரில் கொடூரமான விவரங்களைத் திரும்பத் திரும்பச் சந்திப்பதும் இந்த நோயைக் கொண்டுவரலாம் என்று வெளிப்படையாகச் சொன்னது. உடல் பாகங்களைச் சேகரிக்கும் மீட்புப் பணியாளர்களையும், குழந்தைகளுக்கு நேர்ந்த கொடுமைகளின் விவரங்களை மீண்டும் மீண்டும் கையாளும் காவலர்களையும் அது எடுத்துக்காட்டாகக் குறிப்பிடுகிறது. ஆகவே "நீ போருக்கா போனாய்?" என்று ஓர் ஆம்புலன்ஸ் ஊழியரைக் கேட்பவருக்குப் பதில் எழுத்திலேயே இருக்கிறது.

அமைப்பு முடிவானதும், அதன் உதவியைப் பெற்று மீண்டுவந்த இரண்டு மூன்று பேரைத் திட்டக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அலங்காரத்துக்காகச் சேர்க்க வேண்டாம். பாதையையும் வாசகத்தையும் மாற்றும் அதிகாரத்தோடு சேருங்கள்.

படி 2: தூரமும் வடிவமும்

42.195 கிலோமீட்டர் மாரத்தானா, 50 அல்லது 100 கிலோமீட்டர் அல்ட்ராவா, பல நாள் தொடர் ஓட்டமா என்பதில் எல்லோருக்கும் பொருந்தும் விடை கிடையாது. என்னைக் கேட்டால் ரிலேதான் சிறந்தது. மொத்தத் தூரம் பெரிதாக இருக்கட்டும். அதை 5 முதல் 10 கிலோமீட்டர் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் இருவராகக் கடக்கட்டும். முழங்கால் போனவர், செயற்கைக் கால் வைத்திருப்பவர், சக்கர நாற்காலியிலோ கையால் மிதிக்கும் சைக்கிளிலோ வருபவர், நடக்க மட்டும் முடிந்தவர் என எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. உயரமான நடைபாதை விளிம்பும் படிக்கட்டும் இல்லாத துண்டுகளை அவர்களுக்கு ஒதுக்குங்கள்.

இரவு ஓட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இருட்டில் தொடங்கி விடியலில் முடிப்பது அழகான எண்ணம்தான். ஆனால் தூக்கம் கெடுவதும் கெட்ட கனவும் இந்த நோயின் அடையாளங்கள். தூக்கத்தை ஓர் இரவு முழுக்கப் பறித்தால் நல்ல நிலையில் இருப்பவருக்கே மனம் தொய்யும். நெடுந்தூர ஓட்டக்காரர்கள் தூக்கமின்மையால் இல்லாததைக் காண்பது புதிதில்லை. ஆகவே இரவுத் துண்டுகள் விரும்பியவர்களுக்கு மட்டும். தொடர்ந்து ஆறு மணி நேரமாவது தூங்கும்படி அட்டவணை போடுங்கள். வாகனம் ஓட்டுபவருக்கும் அதே விதி. பல நாள் ஓட்டத்தில் தூக்கம் கெட்ட ஓட்டுநரைவிடப் பெரிய ஆபத்து அதிகம் இல்லை.

படி 3: பணம்

நெடுந்தூர நிதி ஓட்டம் என்றதும் நினைவுக்கு வருபவர் கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ். புற்றுநோயால் ஒரு காலை இழந்த அவர், செயற்கைக் காலோடு 1980 ஏப்ரல் 12-ல் நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரில் தொடங்கி, 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் தண்டர் பே அருகே நிறுத்த வேண்டியதாயிற்று. தொடக்க நாட்களில் அவருக்குக் கூட்டமும் இல்லை, பணமும் பெரிதாக வரவில்லை. போர்ட்-ஓ-பாஸ்க் என்ற சிறிய ஊர் மட்டும் ஏறக்குறைய 10,000 மக்களைக் கொண்டு 10,000 டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தது. ஆளுக்கு ஒரு டாலர் என்ற அந்தக் கணக்கே பிறகு நாடு முழுவதற்குமான இலக்கானது. நன்கொடை கேட்பவர் கற்க வேண்டிய பாடம் இதில் இருக்கிறது. பெரிய தொகையை மொத்தமாகக் கேட்டால் கேட்பவரும் தயங்குவார், கொடுப்பவரும் தயங்குவார். கிலோமீட்டருக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று சிறு அளவில் கேட்டால் கை தானாக நீளும்.

தொகையைப் பயனோடு சேர்த்துச் சொல்லுங்கள். அமைப்பிடம் ஓர் ஆலோசனை அமர்வுக்கு எவ்வளவு ஆகிறது, சக பணியாளருக்குத் துணைநிற்க ஒருவரைப் பயிற்றுவிக்க எவ்வளவு, உதவித் தொலைபேசி ஓர் இரவு இயங்க எவ்வளவு என்று கேட்டு, அந்த அலகுகளிலேயே கேளுங்கள்.

கணக்கில் மூன்று விதிகள் போதும். நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு, பணம் எடுக்க இருவர் கையெழுத்து. நிகழ்ச்சிச் செலவை நன்கொடையிலிருந்து எடுக்காமல், பதிவுக் கட்டணத்திலோ ஆதரவாளர் பணத்திலோ சரிக்கட்டுவது. அது முடியாது என்றால், நூற்றுக்கு எவ்வளவு செலவுக்குப் போகும் என்று முன்கூட்டியே எழுதிவிடுவது. கடைசியாக, பணம் எந்தத் தேதிக்குள் அமைப்புக்குப் போகும் என்று இருதரப்பும் எழுத்தில் கையெழுத்திட வேண்டும்.

ஆதரவாளர்களைச் சேர்க்கும்போது மதுபான நிறுவனங்களைத் தவிர்த்துவிடுங்கள். அதிர்ச்சியைத் தாங்கக் குடியை நாடி, பிறகு போராடி அதைவிட்டு வெளியே வந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். முடிவுக் கோட்டில் இலவச பீர் நீட்டுவது அவர்களுக்குச் செய்யும் கேடு.

படி 4: வாசகமும் கதைகளும்

சுவரொட்டியில் எழுத வேண்டிய வார்த்தைகளைவிட எழுதக் கூடாத வார்த்தைகளை முதலில் முடிவு செய்யுங்கள். 'ஹீரோ' என்பது எல்லோருக்கும் முதலில் வாயில் வருவது. எரியும் வீட்டுக்குள் போய் ஒரு குழந்தையைக் கொண்டுவர முடியாமல் போனவர் அந்தச் சுவரொட்டியைப் பார்த்தால் என்ன நினைப்பார்? "என்னைப் பற்றித் தெரிந்தால் இப்படி எழுதுவார்களா?" என்று நினைப்பார். அதோடு வாயை மூடிக்கொள்வார். தான் செய்ததும் செய்யத் தவறியதும் தன் மனசாட்சியை அறுத்துக்கொண்டே இருக்கும் அந்த வலியைத் தார்மீகக் காயம் என்கிறார்கள். புகழ்ச்சியால் அது ஆறாது. 'உடைந்தவர்கள்', 'பலியானவர்கள்' என்ற சொற்களும் இதே அளவு தவறு. "சுமையைப் பகிர்வோம்", "பேசத் தொடங்கலாம்" மாதிரி எளிய வாசகங்கள் போதும். துப்பாக்கி, தீப்பிழம்பு, ரத்தம் ஆகியவற்றின் படங்கள் வேண்டாம்.

ஓட்டத்தின் தூரத்தையோ தண்டால் எண்ணிக்கையையோ தற்கொலை எண்ணிக்கையோடு இணைப்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. '22' என்ற எண் அப்படி வந்ததுதான். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசுத் துறை 2012-ல் வெளியிட்ட அறிக்கை, நாளொன்றுக்கு ஏறக்குறைய 22 பேர் தற்கொலையால் இறக்கிறார்கள் என்று மதிப்பிட்டது. 21 மாநிலங்களின் தரவை வைத்துச் செய்த மதிப்பீடு அது. அதே துறையின் பிந்தைய அறிக்கைகளில் எண் 17, 18 என்ற அளவுக்குக் குறைந்தது. ஒரு மரணமும் சிறியது ஆகிவிடாது என்பது உண்மை. ஆனால் பழைய எண்ணைக் கொடியாகப் பிடிப்பதில் நம்பகமும் போகிறது, கேட்பவர் மனதில் 'இவர்கள் முடிவு இப்படித்தான்' என்ற எண்ணமும் பதிகிறது. பெரும்பாலானோர் உதவி கிடைத்தால் தேறுகிறார்கள். அதை எண்ணாக்கித் தூரத்தோடு இணையுங்கள்: 60 அமர்வுகளுக்கு 60 கிலோமீட்டர் என்பது மாதிரி.

தற்கொலை பற்றி எழுத வேண்டிவந்தால் உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்குத் தந்திருக்கும் வழிகாட்டுதலைப் பின்பற்றுங்கள். எப்படி நடந்தது என்று விவரிக்கக் கூடாது, ஒரே காரணத்தில் அடக்கக் கூடாது, பக்கத்திலேயே உதவி எண் இருக்க வேண்டும்.

ஒருவர் தன் கதையைச் சொல்ல முன்வந்தால், வெளியிடும் முன் அவரே படித்துப் பார்க்கட்டும். எந்த நேரத்திலும் திரும்பப் பெறும் உரிமையை எழுதிக் கொடுங்கள். சம்பவத்தை விவரிப்பதைவிட உதவி கேட்ட நாளைச் சொல்லச் சொல்லுங்கள். படிப்பவருக்குப் பயன்படுவது அதுதான். மேடையில் பேசிய அன்று இரவு அவரைத் தனியே விட வேண்டாம்.

படி 5: பாதை, அனுமதி, ஆட்கள்

போக்குவரத்துக் காவல், உள்ளாட்சி, சாலைத் துறை ஆகியவற்றின் அனுமதி, பொதுப் பொறுப்புக் காப்பீடு, வழியில் உள்ள மருத்துவமனைகளின் பட்டியல் ஆகிய மூன்றும் ஆறு மாதத்துக்கு முன்பே கையில் இருக்கட்டும். நடைபாதை இல்லாத சாலையில் எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி, சாலை ஓரத்தில் ஓடுவதே பாதுகாப்பு. இருட்டில் மின்னும் மேலாடை, தலை விளக்கு, பின்னால் செல்லும் வாகனத்தில் எச்சரிக்கை விளக்கு கட்டாயம்.

பாதையை நேரில் நடந்து பாருங்கள், அதுவும் ஓட்டம் நடக்கப்போகும் அதே கிழமையில், அதே நேரத்தில். துப்பாக்கிப் பயிற்சிக்கூடம், வெடி வைக்கும் கல்குவாரி, ஹெலிகாப்டர் இறங்கும் இடம் எவையேனும் வழியில் உண்டா? தவிர்க்க முடியாவிட்டால் வரைபடத்தில் குறித்து எல்லோருக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். முன்கூட்டித் தெரிந்த சத்தம் பாதி பயத்தைத்தான் தரும்.

நீர் நிலையங்களில் நிற்கும் தன்னார்வலர்களுக்கு ஒரு மாலை நேரப் பயிற்சி அவசியம். என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது எட்டாம் படியில் வருகிறது.

படி 6: உடலைத் தயார்செய்வது

சிரமமில்லாமல் 10 கிலோமீட்டர் ஓடுபவருக்கு 50 கிலோமீட்டருக்குத் தயாராக ஐந்து, ஆறு மாதம் வேண்டும். வாரத்தில் நான்கு நாள் ஓட்டம், இரண்டு நாள் கால், இடுப்பு வலுவுக்கான பயிற்சி, ஒரு நாள் முழு ஓய்வு. ஓட்டத்தில் பெரும்பகுதி பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான வேகத்தில் இருக்கட்டும். முழு வாக்கியம் பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். மூன்று வாரம் கூட்டி, நான்காவது வாரம் குறையுங்கள். கடைசி இரண்டு, மூன்று வாரம் தூரத்தைப் படிப்படியாகக் குறைத்தால் கால் புத்துணர்வோடு வரும்.

நடப்பதையும் பயிற்சியாகச் செய்யுங்கள். அல்ட்ராவில் மேடேறும்போது நடப்பவர்களே கடைசியில் நன்றாக முடிக்கிறார்கள். சனி, ஞாயிறு அடுத்தடுத்த நாளில் நீண்ட ஓட்டம் வைத்தால், களைத்த காலோடு ஓடுவது எப்படி என்று உடல் பழகும்.

பாதம் வீங்கும் என்பதால் ஷூ அரை அளவு பெரிதாக இருக்கட்டும், புது ஷூவோடு ஓட்டத்துக்கு வர வேண்டாம். தொடை இடுக்கு, அக்குள், பை உரசும் தோள் ஆகிய இடங்களில் முன்கூட்டியே வாசலின் தடவுங்கள். கொப்புளம் வரும் இடம் முதலில் சூடாக உணர்த்தும். அந்தச் சூடு தெரிந்த நிமிடமே நின்று, ஷூவைக் கழற்றி, ஈரத்தைத் துடைத்து, சுருக்கம் விழாமல் டேப் ஒட்டி, காலுறை மாற்றிக்கொண்டு கிளம்புங்கள். இதற்கு ஐந்து நிமிடம் ஆகும். "அடுத்த நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் தோல் கிழிந்து, மீதித் தூரம் முழுவதும் நொண்ட வேண்டிவரும்.

படி 7: சாப்பாடு, தண்ணீர், மருந்து

உடல் சேமித்து வைக்கும் சர்க்கரை மாரத்தான் தூரத்துக்கே போதாது. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கலந்தது என்றால் 90 கிராம் வரை சிலரால் செரிக்க முடியும். வயிற்றுக்கும் பயிற்சி தேவை. ஓட்ட நாளில் சாப்பிடப் போவதை நீண்ட ஓட்டங்களில் சாப்பிட்டுப் பாருங்கள்.

தண்ணீர் தாகத்துக்குக் குடித்தால் போதும். அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச்சத்து லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கலாம். தலைவலி, வாந்தி, விரல் வீக்கம், குழப்பம் வரும், உயிருக்கும் ஆபத்து. தொடங்கும் முன்னும் இடையிலும் எடை பாருங்கள். ஓடி ஓடி எடை கூடியிருந்தால் அது எச்சரிக்கை மணி. அவருக்கு மேலும் தண்ணீர் கொடுக்க வேண்டாம்.

மருந்து விஷயத்தை இந்த ஓட்டத்தில் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். மனநலத்துக்காக மருந்து எடுப்பவர்கள் பலர் இருப்பார்கள். மன அழுத்தத்துக்கான எஸ்.எஸ்.ஆர்.ஐ வகை மாத்திரைகள் சோடியத்தைக் குறைக்கக்கூடும். மனச்சிதைவுக்குத் தரும் சில மருந்துகள் வியர்வையையும் உடல் சூட்டைச் சமன்செய்யும் திறனையும் குறைக்கும். லித்தியம் என்ற மனநல மருந்து எடுப்பவருக்கு நீர்ச்சத்து குறைந்தால் மருந்தளவு ரத்தத்தில் ஏறிவிடும், கூடவே இப்யூபுரூஃபன் என்ற வலி மாத்திரை போட்டால் இன்னும் ஏறும். இதைக் கேட்டுப் பயந்து யாரும் மருந்தைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. அது இன்னும் பெரிய ஆபத்து. பதிவுப் படிவத்தில், மருந்து எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் நெடுந்தூர ஓட்டம் பற்றிப் பேசிவிட்டு வரவும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். எந்த மருந்து என்று படிவத்தில் கேட்க வேண்டாம். மருத்துவக் குழுவுக்கு மட்டும் தெரிய வேண்டியதை மூடிய உறையில் எழுதி, மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டையின் பின்னால் வைத்துக்கொள்ள வழி செய்யுங்கள். ஓடும்போது வலி மாத்திரை போடுவது யாருக்குமே நல்லதல்ல. இப்யூபுரூஃபன் வகை மருந்துகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும் அபாயத்தைக் கூட்டும்.

படி 8: ஓட்ட நாளும் வழியில் நடக்கும் பேச்சும்

தொடங்கி வைக்கத் துப்பாக்கி வேண்டாம், பட்டாசும் சைரனும் வேண்டாம். கைதட்டலோ மணியோ போதும். காகித வெடியும் பலூனும்கூட வெடிக்கும் பொருள்தான் என்பதை அலங்காரம் செய்பவரிடம் சொல்லுங்கள். ட்ரோன் படம்பிடிக்கப் போகிறது என்றால் அறிவியுங்கள். நெரிசல் பிடிக்காதவர்கள் கடைசி வரிசையில் தொடங்கலாம் என்று அறிவித்துவிடுங்கள். வெளியேறும் வழி கண்ணுக்குத் தெரியும்படி அமைதிக் கூடாரம் ஒன்று இருக்கட்டும். அங்கே பயிற்சி பெற்ற ஒருவர் உட்கார்ந்திருந்தால் போதும், பலகையில் 'மனநல உதவி' என்று பெரிதாக எழுதிவைத்தால் யாரும் உள்ளே போக மாட்டார்கள். 'ஓய்வு' என்று எழுதுங்கள். எண் அட்டையின் பின்புறம் எல்லோருக்கும் உதவி எண் அச்சிடுங்கள். எல்லோரிடமும் இருப்பதால் யாரும் தனித்துத் தெரிய மாட்டார்கள்.

இனி வருவதுதான் இந்த ஓட்டத்தின் உண்மையான பலன் என்று நான் நம்புகிறேன். எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாததை, தோளோடு தோள் போகும்போது மனிதர்கள் சொல்லிவிடுகிறார்கள். மூச்சு சீராக, பார்வை சாலையில், அடுத்து என்ன பேசுவது என்ற அவசரம் இல்லை. ஐந்தாவது கிலோமீட்டர் வரை ஷூவைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேச்சு போகும். பிறகு ஒரு நீண்ட மௌனம். அதைத் தொடர்ந்து, "அந்த வேலையில் இருந்தபோது ஒருநாள்..." என்று தொடங்கும். அந்த இடத்தில் பக்கத்தில் ஓடுபவர் செய்ய வேண்டியது, வேகத்தை மாற்றாமல் கூடவே போவது. "ம்" என்று கேட்பது. "எனக்கும் இப்படித்தான்" என்று தன் கதைக்குத் தாவாமல் இருப்பது. "எத்தனை பேரைப் பார்த்தாய்?", "யாரையாவது கொன்றிருக்கிறாயா?" போன்ற கேள்விகளைக் கேட்கவே கூடாது. "நல்லவேளை நீ பிழைத்தாய்" என்ற ஆறுதலும் வேண்டாம், பிழைத்ததே சிலருக்குக் குற்ற உணர்வு. அவர் நிறுத்தினால் அத்தோடு விடுங்கள். மீண்டும் கிளற வேண்டாம். கேட்டது உங்களோடு இருக்கட்டும்.

இதற்குத்தான் இருவராக ஓடச் சொன்னது. இணைகளை அமைக்கும்போது முன்பின் தெரியாத ஒரு படைவீரரையும் ஓர் ஆம்புலன்ஸ் ஊழியரையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே பிரிவில் வேலை செய்பவர்களிடம் பேசத் தயங்குபவர்கள், வேறு சீருடைக்காரரிடம் எளிதாகப் பேசுவதுண்டு.

தன்னார்வலர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டின் மூன்று செயல்களைச் சொல்லிக்கொடுத்தால் போதும்: பார், கேள், இணைத்துவிடு. சுற்றிலும் ஆபத்து உண்டா, யார் தவிக்கிறார் என்று பார்ப்பது. அருகில் போய், வற்புறுத்தாமல் கேட்பது. பயிற்சி பெற்றவரிடமோ உறவினரிடமோ கொண்டு சேர்ப்பது.

நீர் நிலையத்தில் ஒருவர் கோப்பையைக் கையில் வாங்கியபடி அப்படியே உறைந்து நிற்கிறார், கண் எங்கோ இருக்கிறது, கூப்பிட்டால் காதில் விழவில்லை என்று வையுங்கள். பழைய சம்பவம் அவருக்குள் இப்போது நடந்துகொண்டிருக்கலாம். பின்னாலிருந்து போய்த் தோளைத் தொட வேண்டாம். முன்னால், பக்கவாட்டில், ஒரு கை தூரம் விட்டு நின்று, தாழ்ந்த குரலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். "நீங்கள் ஓட்டத்தில் இருக்கிறீர்கள். இது நீர் நிலையம். இங்கே ஆபத்து இல்லை" என்று சொல்லுங்கள். பாதம் தரையில் அழுந்துவதை உணரச் சொல்லுங்கள். கையில் உள்ள கோப்பை குளிர்ச்சியாக இருக்கிறதா என்று கேளுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருட்களைச் சொல்லச் சொல்லுங்கள். கூட்டம் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள், யாரும் படம் எடுக்கக் கூடாது. பார்வை திரும்பியதும் அமைதிக் கூடாரத்துக்குப் போக விருப்பமா என்று கேளுங்கள். முடிவு அவருடையது.

ஆனால் குழப்பத்தில் இருக்கும் எல்லோரையும் 'மன அதிர்ச்சி' என்று எண்ணிவிடாதீர்கள். வெப்ப அதிர்ச்சியிலும், சோடியம் இறங்கினாலும், சர்க்கரை குறைந்தாலும் ஆள் இதே மாதிரிதான் தெரிவார். முதலில் உடலைப் பாருங்கள். உடல் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பேச்சு குழறினால் அது உயிர்போகும் அவசரம். ஐஸ் கலந்த தண்ணீர்த் தொட்டியில் கழுத்து வரை இறக்கிக் குளிர்விக்க வேண்டும், குளிர்வித்த பிறகே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வெயில் காலத்தில் தொட்டியும் ஐஸும் இல்லாமல் ஓட்டம் வைக்கக் கூடாது. சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனால் தசை சிதைந்திருக்கலாம், அவரும் அங்கேயே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

யாராவது "இருந்து என்ன பயன்" என்ற தொனியில் பேசினால், "தற்கொலை எண்ணம் வருகிறதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது என்று ஆய்வுகள் சொல்கின்றன. கேட்டதும் பாரம் இறங்கியவர்கள் உண்டு. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். கூடவே நடந்து பயிற்சி பெற்றவரிடம் ஒப்படையுங்கள், உடனடி ஆபத்து என்றால் அவசர எண்ணை அழையுங்கள். "யாரிடமும் சொல்லாதே" என்று அவர் கேட்டால், அந்த ஒரு ரகசியத்தை மட்டும் காக்க முடியாது என்று உண்மையைச் சொல்லுங்கள்.

படி 9: முடிந்த பிறகு

முடிவுக் கோட்டைத் தாண்டியவரை உடனே உட்கார வைக்காதீர்கள். பத்து நிமிடம் நடக்கட்டும். உலர்ந்த உடை, உப்பும் மாவுச்சத்தும் உள்ள உணவு, பிறகு தூக்கம். ஒரு வாரம் ஓட்டம் வேண்டாம்.

மாதக்கணக்கில் ஓர் இலக்கோடு வாழ்ந்துவிட்டு அது முடிந்ததும் மனம் வெறுமையாவது எந்த ஓட்டக்காரருக்கும் நேரும். படையையோ பணியையோ விட்டு வந்தபோது இதே வெறுமையை ஏற்கனவே அனுபவித்தவர்களுக்கு அது இன்னும் ஆழமாக இறங்கும். ஆகவே ஓட்டத்துக்கு அடுத்த வாரமே ஒரு சிறு நடைக்கு நாள் குறித்துவிடுங்கள். போட்டி, நிதி எதுவும் இல்லாமல், ஒரு மணி நேரம் நடந்துவிட்டுப் போகலாம். அதை மாதந்தோறும் தொடர ஒருவர் பொறுப்பேற்கட்டும்.

மூன்றாம் நாளும் இரண்டாம் வாரமும் எல்லா இணைகளும் ஒருவரை ஒருவர் தொலைபேசியில் அழைக்கட்டும். கதை சொன்னவர்களை நீங்களே அழைத்து, வெளியானதைப் படித்தவர்கள் என்ன சொன்னார்கள், அவருக்கு அது எப்படி இருந்தது என்று கேளுங்கள். நீக்கச் சொன்னால் அன்றே நீக்குங்கள். நீர் நிலையத்தில் கனமான பேச்சைக் கேட்ட தன்னார்வலர்களையும் விசாரியுங்கள். அவர்களையும் யாராவது கேட்க வேண்டும்.

ஆறு வாரத்துக்குள் கணக்கை வெளியிடுங்கள்: எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது, எந்தத் தேதியில் எவ்வளவு அமைப்புக்குப் போனது. ஆறு மாதம் கழித்து, அந்தப் பணத்தில் எத்தனை அமர்வுகள் நடந்தன, காத்திருக்கும் நாட்கள் குறைந்ததா என்று அமைப்பிடம் எண்ணிக்கையை மட்டும் கேட்டு வாங்கி, கொடுத்தவர்கள் எல்லோருக்கும் அனுப்புங்கள். யார் பெயரும் அதில் வரக் கூடாது.